பெயரில் புனிதர், பாடத்திட்டம் மகரகமையிலிருந்து: மட்டக்களப்பில் 'கத்தோலிக்கப் பாடசாலை' என்றால் என்ன?

கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் என் பெறாமகள் போன மாதம் வட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். மகனுக்கு நாலு வயதாகிறது, பள்ளிக்கூடத்தில் பதிய வேண்டும். "பெரியம்மா, கத்தோலிக்கப் பள்ளியில விடுறதா, பப்ளிக்கில விடுறதா? நீங்க இத்தன வருசம் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிச்ச ஆள்தானே. எதில நல்லாச் சொல்லிக் குடுப்பாங்க?"

அவள் கல்லடிப் பிள்ளை, சைவம். மருமகன் தாண்டவன்வெளி, கத்தோலிக்கம். கோயிலிலும் தாலி கட்டி, தேவாலயத்திலும் மோதிரம் மாற்றிய கல்யாணம். அதனால் அங்கே இரண்டு வாசலும் அவளுக்குத் திறந்தே இருக்கின்றன.

நான் உடனே பதில் சொல்லவில்லை. இதே கேள்வியை மட்டக்களப்பில் முப்பது வருடமாகக் கேட்டு வந்திருக்கிறேன். தரம் ஒன்றுக்கான விண்ணப்பப் படிவம் வரும் காலத்தில் சந்தையில், பஸ்ஸில், செத்த வீட்டில்கூட யாராவது ஒருவர் என்னை ஒதுக்குப்புறமாகக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்பார்: "டீச்சர், கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில போட்டால் பிள்ளை நல்லா வருவான்தானே?" சொல் ஒன்றுதான். ஆனால் மட்டக்களப்பு நகரின் நடுவான புளியந்தீவில் அந்தச் சொல் குறிக்கும் பள்ளிக்கூடம் வேறு, ஸ்காபரோவில் குறிக்கும் பள்ளிக்கூடம் வேறு.

முதலில் நம்முடைய பக்கம். மட்டக்களப்பில் கத்தோலிக்கப் பாடசாலை என்றதும் புனித மிக்கேல் கல்லூரியையும் புனித சிசிலியா பெண்கள் கல்லூரியையும் சொல்வார்கள். கல்முனையில் கார்மேல் பற்றிமா. இவை எல்லாமே அரசாங்கப் பாடசாலைகள். ஆசிரியருக்குச் சம்பளம் அரசு கொடுக்கிறது, பாடநூல் இலவசமாக வருகிறது, சீருடைத் துணியும் அப்படித்தான். அருட்சகோதரி ஒருவர் அதிபர் கதிரையில் இருந்தாலும் அவருக்கும் அரசின் கல்வி அதிகாரிகளின் கடிதம்தான் வேதவாக்கு. பாடத்திட்டம் மகரகமையில் உள்ள தேசிய கல்வி நிறுவகத்திலிருந்து வருகிறது. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வயலுக்கு நடுவே இருக்கும் ஐம்பது பிள்ளைப் பாடசாலைக்கும் அதே ஆசிரியர் வழிகாட்டிதான்.

ஆகவே, நேர்மையாகச் சொன்னால், 'கத்தோலிக்கப் பாடசாலையா அரசுப் பாடசாலையா' என்ற கேள்வியே மட்டக்களப்பில் பிழையான கேள்வி. ஆனாலும் சனம் அதைக் கேட்கிறது என்றால் ஏதோ ஒரு வித்தியாசத்தைக் கண்டுதான் கேட்கிறது. அது படிப்பிக்கும் முறையில் இருக்கிறதா, வேறெங்காவது இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

1960க்கு முன்னும் பின்னும்

1814இல் வில்லியம் ஓல்ட் என்ற வெஸ்லியன் (மெதடிஸ்த) பாதிரியார் மட்டக்களப்பில் வந்திறங்கிப் பள்ளிக்கூடம் தொடங்கினார். அடுத்த வருடமே இறந்தும் போனார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி அந்தத் தொடக்கத்தைத்தான் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. கத்தோலிக்கர் நகரத்தில் அதற்கு முன்பிருந்தே இருந்தாலும் கல்லூரி என்று பெயர் சொல்லும்படி வந்தது பிறகுதான். 1890களின் நடுவில் கிழக்கு மறைமாவட்டம் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் பிரெஞ்சுக் குருமார் கைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குப் பின் அமெரிக்க இயேசு சபையினர் அந்த இடத்தை எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் காலத்தில் ஒரு பிள்ளையின் படிப்பு எத்தனை கைமாறியது என்பதற்கு விபுலானந்த அடிகளைவிட நல்ல உதாரணம் இல்லை. 1892இல் காரைதீவில் பிறந்தவர். கல்முனையில் மெதடிஸ்தப் பாடசாலை, பிறகு புனித மிக்கேல் கல்லூரி, அங்கேயே ஆசிரியர் வேலை, அப்புறம் இராமகிருஷ்ண மிஷனில் துறவு, 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம். ஒரே மனிதருக்குள் மூன்று பள்ளிக்கூட மரபு. மூன்றுமே இன்று அரசின் கையில்.

மிஷன் பாடசாலைகளுக்கு அரசு உதவிப்பணம் கொடுத்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தப் பணம் பரீட்சை முடிவைப் பார்த்தே கொடுக்கப்பட்டது. இன்ஸ்பெக்டர் வருவார், எத்தனை பிள்ளை வாசிக்கிறது, எத்தனை பிள்ளை கணக்குச் செய்கிறது என்று எண்ணுவார், அதற்கேற்பக் காசு. அப்படிப்பட்ட இடத்தில் என்ன படிப்பித்தல் நடந்திருக்கும்? வாய்பாடு, சொல்வதெழுதல், மனக்கணக்கு, பிரம்பு. 'மிஷன் பள்ளிக்கூடப் படிப்பு' என்று நம்முடைய பாட்டன்மார் பெருமையாகச் சொன்னதில் பெரும் பங்கு இந்த இன்ஸ்பெக்டர் பயம்தான் என்பது என் அபிப்பிராயம். சமயத்துக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960இன் 5ஆம் இலக்கச் சட்டம் உதவி பெறும் பாடசாலைகளின் நிர்வாகத்தை அரசுக்கு மாற்றியது. அடுத்த வருடம் 8ஆம் இலக்கச் சட்டம் கட்டிடத்தையும் காணியையும் சேர்த்து எடுக்க வழி செய்தது. சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமர், பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சர். கொழும்பிலும் மேற்குக் கரையிலும் கத்தோலிக்கப் பெற்றோர் பள்ளிக்கூடங்களுக்குள் போய் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். பெரிய கல்லூரிகள் சில அரசு உதவி வேண்டாம், கட்டணமும் வாங்கமாட்டோம் என்று தனியாக நின்றன. யாழ்ப்பாணத்தில் புனித பத்திரிசியார் கல்லூரி இன்றும் அரசு சுவீகரிக்காத பாடசாலையாகத்தான் இருக்கிறது. கிழக்கில் அந்த மாதிரிப் பெரிய ஏற்பாடு நிலைக்கவில்லை. கத்தோலிக்கர் பாடசாலை மட்டும் போகவில்லை, இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளும் மெதடிஸ்தரின் பாடசாலைகளும் அதே வழியில் போயின.

இப்போது யாராவது 'கத்தோலிக்கப் பாடசாலைப் படிப்பிப்பு முறை' என்று சொன்னால், சட்டப்படி அது முடிந்து அறுபது வருடத்துக்கு மேலாகிவிட்டது.

இங்கே ஒரு சின்ன விலகல். இயேசு சபையினர் 1599இல் தங்கள் கல்லூரிகளுக்கு ஒரு முறையை எழுதி வைத்தார்கள். நேற்றுப் படித்ததை இன்று ஒப்புவித்தல், பிள்ளைகளுக்குள் போட்டி, ஆசிரியர் முதலில் வாசித்து விளக்குதல் என்று எல்லாம் அதில் உண்டு. ஆனால் அது பெரிய பிள்ளைகளுக்கான முறை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது அவர்களுடைய வேலையாக இருக்கவில்லை. சின்னப் பிள்ளைகளை ஒரே வகுப்பாக இருத்தி, ஒரே புத்தகத்தை ஒரே நேரத்தில், அதுவும் இலத்தீனை விட்டுத் தாய்மொழியில் படிப்பிக்கும் வழக்கத்தைப் பெரிய அளவில் பரப்பியவர்களில் முக்கியமானவர் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சில் வாழ்ந்த ஜோன் பப்டிஸ்ட் டி லா சால் என்ற குருவானவர். அதற்கு முன் அங்கேயும் நம்முடைய திண்ணைப் பள்ளி மாதிரித்தான்: பிள்ளைகள் ஒவ்வொருவராக வாத்தியாரிடம் போய்ப் பாடம் ஒப்புவித்துவிட்டு வருவார்கள். வரிசை வாங்கு, முன்னால் கரும்பலகை, எல்லோரும் ஒரே பக்கம் என்று இன்று எந்த அரசுப் பாடசாலையிலும் நாம் காணும் வகுப்பறைக்கு அந்தக் கத்தோலிக்கத் துறவியும் ஒரு தகப்பன். அப்படிப் பார்த்தால் படுவான்கரையில் இருக்கும் சைவப் பெயர் கொண்ட பாடசாலையும் ஒருவகையில் கத்தோலிக்கப் பாடசாலைதான்!

வகுப்பறைக்குள்

நான் கடைசிப் பத்து வருடம் ஆரம்பப் பிரிவுக்கு ஆசிரிய ஆலோசகராக இருந்தேன். வேலை என்னவென்றால் பாடசாலை பாடசாலையாகப் போய், வகுப்பின் பின்வாங்கில் உட்கார்ந்து பார்த்து, பிறகு ஆசிரியரோடு கதைப்பது. அதனால் பெயரில் புனிதர் இருக்கும் பாடசாலையையும் பார்த்திருக்கிறேன், வெறும் ஊர்ப்பெயர் இருக்கும் பாடசாலையையும் பார்த்திருக்கிறேன்.

நான் வேலை பார்த்த காலத்தில் காகிதத்தில் இருந்த முறை இதுதான். 1990களின் கடைசியில் வந்த சீர்திருத்தம் ஆரம்பக் கல்வியை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்தது. தரம் ஒன்றும் இரண்டும் முதலாவது, மூன்றும் நான்கும் இரண்டாவது, ஐந்து தனியாக மூன்றாவது. கற்பிப்பதும் மூன்று வகை: ஆசிரியர் வழிகாட்டும் விளையாட்டு, கையால் செய்யும் செயற்பாடு, கொப்பியில் எழுதும் வேலை. முதல் நிலையில் விளையாட்டுக்குத்தான் கூடிய இடம். மேலே போகப்போக எழுத்து வேலை கூடும். தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்று நாலு பெரிய பாடம். ஆங்கிலம் முதல் வகுப்பில் பேச்சாக மட்டும் வந்து, மூன்றாம் வகுப்பில் புத்தகமாக மாறும். ஒவ்வொரு நிலை முடிவிலும் பிள்ளை கட்டாயம் பெற்றிருக்க வேண்டியவை என்று அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிப் பட்டியல் ஒன்றும் உண்டு.

நல்ல முறைதான். இதில் பெரிய குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த முறைக்கு ஒரு எதிரி இருக்கிறது. அதன் பெயர் தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை.

ஏழைப் பிள்ளைக்கு உதவிப்பணமும் நல்ல பாடசாலையில் இடமும் கொடுக்கத் தொடங்கிய பரீட்சை அது. இன்று அது நகரத்துப் பெற்றோரின் மானப் பிரச்சினை. வெட்டுப்புள்ளிக்கு மேல் எத்தனை பேர் என்று பாடசாலை வாசலில் பெரிய பதாகை தொங்கும், பிள்ளைகளின் முகம் வரிசையாக அச்சடித்து. இந்தப் பதாகை எவ்வளவு பெரிதோ, அந்தப் பாடசாலையில் தரம் ஒன்றின் விளையாட்டு அவ்வளவு சிறிது. நகரத்தில் பெயர் பெற்ற ஒரு பாடசாலையில் தரம் இரண்டு வகுப்பில் பார்த்தேன்: விளையாட்டு மூலையில் இருக்க வேண்டிய மண், புளியங்கொட்டை, மட்டை வீடு எல்லாம் அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டன. கீழே பிள்ளைகள் பயிற்சித்தாள் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். அந்த ஆசிரியை நல்லவர், திறமையானவரும்கூட. "மிஸ், விளையாட விட்டா அம்மாமார் வந்து கொப்பி வெறுமையா இருக்கு எண்டு அதிபரிட்ட போறாங்க" என்றார்.

ஆரம்ப வகுப்பில் நடப்பதை அந்த வெறுங் கொப்பிதான் தீர்மானிக்கிறது. கொப்பி நிறைந்திருந்தால் படிப்பு நடக்கிறது என்பது நம்முடைய பெற்றோரின் கணக்கு. எழுத்துப் படிப்பிப்பதிலும் இதே சண்டை. 'அ, ஆ' என்று வரிசையில் தொடங்காமல், பிள்ளைக்குத் தெரிந்த சொல்லில், வடிவம் இலேசான எழுத்தில் தொடங்கினால் பிள்ளை சீக்கிரம் வாசிக்கும். 'ட, ப, ம' தெரிந்தால் 'படம்', 'மடம்' வந்துவிடும். ஆனால் ஏடு தொடக்கி வைத்த தாத்தா வீட்டில் இருந்து 'அரிவரி இன்னும் முடியேல்லையா?' என்று கேட்பார். 247 எழுத்தையும் பாடமாக்கிவிட்டு ஒரு வரி வாசிக்கத் தெரியாத பிள்ளைகளை நான் இரண்டு வகைப் பாடசாலையிலும் கண்டிருக்கிறேன்.

ஆகவே படிப்பிக்கும் முறையை வைத்துப் பிரிப்பதென்றால், சமயத்தை வைத்துப் பிரிக்க முடியாது. பதாகை தொங்கும் பாடசாலை, பதாகை இல்லாத பாடசாலை என்று பிரிக்கலாம். பதாகை தொங்குபவற்றில் கத்தோலிக்கப் பெயரும் உண்டு, மெதடிஸ்தப் பெயரும் உண்டு, சைவப் பெயரும் உண்டு, காத்தான்குடியில் இஸ்லாமியப் பெயரும் உண்டு. ஆசிரியர்களும் ஒரே கிணற்றுத் தண்ணீர்: தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் உள்ள தேசிய கல்விக் கல்லூரிகளில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் இடமாற்றக் கடிதத்தின்படி இங்கேயும் போவார்கள், அங்கேயும் போவார்கள்.

நான் கண்ட மிக நல்ல தரம் ஒன்று வகுப்பு எது என்று கேட்டால் நகரத்தைச் சொல்லமாட்டேன். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் ஒரு சின்னப் பாடசாலை. மூன்று வகுப்புக்கு ஒரே ஆசிரியர். மூன்று தரத்தையும் ஒன்றாக வைத்துப் படிப்பிக்க வேண்டிய கட்டாயம். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டும். கணக்கு வெளியே மரத்தடியில், நெல் அளக்கும் கொத்தை வைத்து. புலமைப்பரிசிலில் யாரும் பெரிதாக எதிர்பார்க்காத ஊர் என்பதால் அந்த ஆசிரியைக்கு வழிகாட்டிப் புத்தகத்தில் உள்ளபடி படிப்பிக்கச் சுதந்திரம் இருந்தது. அதற்காக அதைச் சொர்க்கம் என்று சொல்லவில்லை. கார்த்திகை, மார்கழி வெள்ளத்தில் பிள்ளைகள் வாரக்கணக்கில் வரமாட்டார்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் முன்பு அந்தப் பக்கம் போகும் ஆசிரியர்கள் துறையில் ஓடத்துக்குக் காத்திருந்தே காலையைக் கழித்தார்கள். அந்த ஆசிரியையும் இரண்டு வருடத்தில் இடமாற்றம் வாங்கிக்கொண்டு நகரத்துக்கு வந்துவிட்டார். பிறகு அந்த வகுப்பு என்ன ஆனது என்று போய்ப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் மிச்சம் இருப்பது என்ன?

ஒன்றும் மிச்சமில்லை என்று சொன்னால் அது பொய். காலை ஏழரைக்குக் கத்தோலிக்கப் பெயருள்ள பாடசாலை ஒன்றின் வாசலில் நின்று பாருங்கள். வரிசையில் ஒரு சத்தம் வராது. செபம் முடியும், பிறகு சைவப் பிள்ளைகளின் தேவாரமும் ஒலிக்கும். மட்டக்களப்பு மாவட்டத்தில் கிறிஸ்தவர் எல்லோரையும் சேர்த்தாலும் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே இந்தப் பாடசாலைகளில் கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகள் நிறைய. சமயப் பாட நேரம் வந்ததும் வகுப்பு பிரியும். சைவப் பிள்ளைக்குச் சைவநெறி, கத்தோலிக்கப் பிள்ளைக்குக் கத்தோலிக்கம். பெற்றோரின் சமயத்தைப் பிள்ளை படிக்க வேண்டும் என்பது அரசுப் பாடசாலை எல்லாவற்றுக்கும் பொது விதி. உண்மையான மறைக்கல்வி ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில்தான் நடக்கிறது, சைவப் பிள்ளைகளுக்கு அறநெறிப் பாடசாலை மாதிரி.

அப்புறம் கையெழுத்து, பாட்டு, மேடைப் பேச்சு. கன்னியாஸ்திரிகள் படிப்பித்த காலத்துப் பழக்கம் இவை. சட்டம் மாறினாலும் ஆசிரியரிலிருந்து ஆசிரியருக்குக் கைமாறி வந்துகொண்டிருக்கின்றன. அமெரிக்கக் குருமார் விட்டுப் போனது கூடைப்பந்து. நகர மைதானத்துக்கு இன்றும் வெபர் அடிகளின் பெயர்தான். புனித மிக்கேலில் கூடைப்பந்து பழக்கிய யூஜின் ஹெபர்ட் அடிகள் 1990 ஓகஸ்டில் வாழைச்சேனையிலிருந்து நகருக்கு வரும் வழியில் காணாமற்போனவர். அவரை நினைக்கும் யாரும் இங்கே அவருடைய கற்பித்தல் முறையைப் பற்றிப் பேசுவதில்லை. மைதானத்தில் நின்ற ஆளைப் பற்றித்தான் பேசுவார்கள்.

ஒழுக்கம் என்பார்கள். அந்தச் சொல்லில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. பழைய மாணவர் சந்திப்பில் 'அந்தக் காலத்து அடி' என்று சிரித்துச் சிரித்துச் சொல்லும் கதைகளில் பாதி, இன்று நடந்தால் பொலிசில் முறைப்பாடு. உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005லேயே 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆனால் அடி இல்லாத ஒழுங்கும் அந்தப் பாடசாலைகளில் உண்டு, அதை மறுக்கக் கூடாது. மணி அடித்தால் நிற்பது, குப்பையைக் குனிந்து எடுப்பது, பிந்தி வந்தால் வீட்டுக்குச் சொல்லி அனுப்புவது. இது ஆறு வயதுப் பிள்ளைக்குப் பாடத்தைவிடப் பெரிய பாடம் என்று நினைக்கும் பெற்றோரைப் பிழை சொல்ல முடியாது.

பெரிய வித்தியாசம் வாசலில் இருக்கிறது. தரம் ஒன்று அனுமதிச் சுற்றறிக்கைகளில் பல ஆண்டுகளாக இருக்கும் பங்கீடு: பாடசாலைக்குக் கிட்ட இருப்பவருக்கு 50 வீதம், பழைய மாணவரின் பிள்ளைக்கு 25 வீதம், ஏற்கெனவே படிக்கும் பிள்ளையின் சகோதரருக்கு 15 வீதம், மிச்சம் கல்வித் துறையில் இருப்போர், இடமாற்றம், வெளிநாட்டிலிருந்து திரும்பியோர் என்று. 1961இல் சுவீகரிக்கப்பட்ட பாடசாலைகளில் இதற்கு மேல் இன்னொரு விதி: சுவீகரிக்கும்போது எந்தச் சமயப் பிள்ளைகள் எந்த விகிதத்தில் இருந்தார்களோ அதைக் கருத்தில் எடுக்க வேண்டும். அந்தப் பாடசாலைகளில் 'கத்தோலிக்கம்' என்ற சொல்லுக்குச் சட்டப் பொருள் மிச்சமிருப்பது முக்கியமாக இந்த ஒரு வரியில்தான்.

இந்தப் பங்கீட்டைச் சேர்த்துப் பாருங்கள். நகர நடுவில் வீடு, அல்லது அங்கேயே படித்த தகப்பன், அல்லது அண்ணன். அதாவது படித்த வீட்டுப் பிள்ளைகள் ஒன்றாகச் சேரும் இடம். அந்தப் பிள்ளைகள் பின்னேரம் ரியூசனுக்குப் போகிறார்கள், வீட்டில் புத்தகம் இருக்கிறது, தாய் பக்கத்தில் இருந்து வாசிக்க வைக்கிறாள். ஐந்து வருடம் கழித்துப் பதாகை தொங்கும்போது 'பாடசாலையின் படிப்பிப்பு' என்று சொல்கிறோம். வாசலில் நடந்த வேலையின் பலனும் வகுப்பறையின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது.

ஸ்காபரோவில் அந்தச் சொல்

அங்கே கதை வேறு. 1867இல் கனடா உருவானபோது எழுதிய அரசியலமைப்புச் சட்டத்தின் 93ஆம் பிரிவு, ஒன்ராறியோவில் கத்தோலிக்கருக்குத் தனிப் பாடசாலை நடத்தும் உரிமையைக் காப்பாற்றியது. அதனால் கத்தோலிக்கப் பள்ளிச் சபையும் பொதுப் பள்ளிச் சபையும் இரண்டுமே மக்களின் வரிப்பணத்தில் நடக்கின்றன. இரண்டிலும் கட்டணம் இல்லை. கியூபெக்கும் நியூபவுண்ட்லாந்தும் 1990களின் கடைசியில் இந்த முறையைக் கைவிட்டன. ஒன்ராறியோ விடவில்லை. ஒரு சமயத்துக்கு மட்டும் இந்தச் சலுகை கொடுப்பது பாரபட்சம் என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 1999இல் சொன்ன பிறகும் விடவில்லை. இதை வைத்து அங்கே இன்றும் வாக்குவாதம்.

ஆனால் பெறாமகள் கேட்டது படிப்பிக்கும் முறையை. அதில் இரண்டு பக்கமும் ஒன்ராறியோ மாகாணத்தின் ஒரே பாடத்திட்டம்தான். மூன்றாம், ஆறாம் வகுப்பில் ஒரே மாகாணப் பரீட்சை. கணிதப் பாடத்திட்டம் 2020இல் மாறியபோதும், எழுத்தொலியை முறையாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று மொழிப் பாடத்திட்டம் 2023இல் மாறியபோதும் இரண்டு சபையும் சேர்ந்தே மாறின. கத்தோலிக்கப் பக்கத்தில் கூடுதலாக இருப்பவை சமயப் பாடம், அந்தப் பார்வையில் குடும்ப வாழ்வுக் கல்வி, இரண்டாம் வகுப்பில் முதல் நன்மைக்கான (முதன்முதலாக நற்கருணை வாங்குவதற்கான) ஆயத்தம், நாள் முழுக்கச் செபமும் திருநாட்களும். ஆசிரியரும் வழக்கமாகக் கத்தோலிக்கராக இருக்க வேண்டும், பங்குக் குருவானவரின் கடிதத்தோடு வர வேண்டும். பிள்ளை ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தாய் தகப்பனில் ஒருவர் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்பது ரொறன்ரோவில் ஆரம்பப் பள்ளிக்கான வாசல் விதி.

நம்முடைய புளியந்தீவுப் பாடசாலையில் சமயம் ஒரு பாடவேளை. அங்கே அது பள்ளிக்கூடத்தின் காற்று. சைவத் தாய்க்குப் பிறந்த பிள்ளை அந்தக் காற்றில் வளர்வது சரியா என்பதுதான் அவள் தனக்குள் கேட்க வேண்டியது. வாசிப்பும் கணக்கும் இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே வரும்.

அமெரிக்காவில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அங்கே கத்தோலிக்கப் பாடசாலை தனியார், கட்டணம் உண்டு. ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் 1980களில் மேல்நிலைப் பிள்ளைகளை வைத்து, கத்தோலிக்கப் பாடசாலைப் பிள்ளைகள் நன்றாகச் செய்கிறார்கள் என்றார். அதற்கு அவர் பிறகு சொன்ன காரணங்களில் முக்கியமானது பெற்றோர் ஒருவரையொருவர் அறிந்திருப்பது: ஞாயிறு பூசையில் காணும் அதே முகங்கள்தான் பள்ளிக் கூட்டத்திலும். ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு அந்த முடிவு நிற்கவில்லை. டொட் எல்டரும் கிறிஸ்தோபர் ஜெப்சனும் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஆரம்பப் பள்ளிகளைப் பார்த்தது. வாசிப்பில் கத்தோலிக்கப் பாடசாலைக்கு என்று தனி ஏற்றம் ஒன்றும் தெரியவில்லை. கணிதத்தில் கொஞ்சம் பின்தங்கிய மாதிரியே இருந்தது. லுபியென்ஸ்கி என்ற ஆய்வாளர் தம்பதியர் கணிதத்தில் அதே திசையில் கண்டார்கள். வீட்டு வசதியைக் கழித்துப் பார்த்தால் அரசுப் பாடசாலை முன்னுக்கு. காரணங்களில் ஒன்றாக அவர்கள் சொன்னது, அரசுப் பாடசாலை ஆசிரியர்கள் கூடுதலாகப் பயிற்சிச் சான்றிதழ் பெற்றவர்கள், கணக்கைப் புரியவைக்கும் புதிய முறைகளை எடுத்தவர்கள் என்பது. மறுபக்கம், 2018இல் மைக்கல் கொட்பிரீட்டும் ஜேக்கப் கர்க்சியும் செய்த ஆய்வில், கத்தோலிக்க ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் சண்டை, குழப்படி குறைவு, தன்னடக்கம் கூட என்று அவர்களுடைய ஆசிரியர்கள் சொல்லியிருந்தார்கள். அது பள்ளிக்கூடத்தால் வந்ததா, வீட்டிலிருந்தே கொண்டு வந்ததா என்பதை அந்த ஆய்வால் அறுதியாகப் பிரிக்க முடியாது.

இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. புளியந்தீவில் சனம் ஆய்வே செய்யாமல் சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான்: 'பிள்ளை அடக்கமா வருவான்.' கணக்கு நன்றாக வரும் என்று யாரும் சொன்னதில்லை. கணக்குக்குத்தான் ரியூசன் இருக்கிறதே.

பெறாமகளுக்கு நான் கடைசியில் சொன்னது சின்ன விசயம். இரண்டு பள்ளிக்கூடத்துக்கும் ஒரு நாள் போ. முதல் வகுப்பின் சுவரைப் பார். பிள்ளைகள் கீறிய படமும் எழுதிய பிழைகளும் அப்படியே ஒட்டியிருக்கிறதா, கடையில் வாங்கிய படம் ஒட்டியிருக்கிறதா என்று பார். ஒரு பிள்ளை வாசிக்கத் தடுமாறினால் என்ன செய்வீர்கள் என்று ஆசிரியரிடம் கேள். சமயத்தை நீயும் அவனும் வீட்டில் பேசி முடியுங்கள், அதில் பெரியம்மாவுக்கு வேலை இல்லை.

போனாள், பார்த்தாள். இரண்டு சுவரும் ஒரே மாதிரித்தான் இருந்ததாம். "பெரியம்மா, ஒண்டில மட்டும் மூலையில மாதா சுரூபம் இருக்கு" என்றாள். பிள்ளையைக் கத்தோலிக்கப் பள்ளியில்தான் போட்டிருக்கிறாள். ஏன் என்று கேட்டதற்கு, "நடந்து போகலாம், பெரிய ரோட்டுக் கடக்கத் தேவையில்ல" என்றாள்.